ஜன்னலோர மேசையும் டெல்பர்ட்டும்

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் ஆபீசில், எண்பத்தொன்றாம் வருஷம், ஆறு மேசைகள் இருந்தன. ஐந்தில் மனிதர்கள் உட்காரலாம். ஆறாவது ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், தோலிலிருந்து சீவியெடுத்த சவ்வை மலைமலையாகக் குவித்து வைத்திருப்பார்கள்.

ஆம்பூர் மூக்குக்குத் தோல் வாசனை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தக் குவியல் வேறு ரகம். அதன் மேலே பறந்த காக்கை மயங்கி விழுந்து, தெளிந்து, அதற்குமேல் பறக்கத் தெம்பில்லாமல் நடந்தே கூட்டுக்குப் போனது. அந்த மேசையில் ஒரு வருஷம் உட்கார்ந்த அந்தோணியை அவன் பெண்டாட்டி வாசற்படி தாண்ட விடவில்லை. தெருவிலேயே வாளியும் சோப்பும் வைத்து, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கத் தேய்த்தாள். சர்ச்சில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் அவனையும் ஆண்டவரையும் தவிர வேறு யாரும் இல்லை. ஆண்டவரும் கொஞ்சம் தள்ளித்தான் இருந்திருப்பார். மார்ச் கடைசியோடு வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் ஊதுவத்திக் கம்பெனிக்குப் போவதாக அந்தோணி எழுதிக் கொடுத்துவிட்டான்.

வண்டியில் வந்திறங்கும் தோலை ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணியாக வேண்டும். ஆகவே மேசை காலியாக இருக்க முடியாது. ஏப்ரலில் அங்கே யார் போவது?

இந்தக் கேள்வி ஐந்து குமாஸ்தாக்களில் ஒருவனான தேவானந்தத்தைத் தூங்க விடவில்லை. முப்பத்திரண்டு வயதுவரை கல்யாணமாகாமல் காய்ந்துகொண்டிருந்தவனுக்கு வேலூரில் ஒரு பெண் அமைந்திருந்தாள். ஜெபகனி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. அவளுடைய அம்மா முதலில் கேட்டதே, "தோல் ஷாப்புன்றீங்களே, பையன் மேல வாசனை கீசனை அடிக்குமா?" என்பதுதான். தரகர் கையடித்துச் சத்தியம் செய்தார்: "பேனுக்குக் கீழ உக்காந்து கணக்கு எழுதுற பையம்மா. பவுடர் வாசனைதான் அடிக்கும்." ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் நல்ல காரியம் பேசுவதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் என்று முடிவாகியிருந்தது. அதுவரை பேனுக்குக் கீழேயே இருந்துவிட்டால் போதும். கல்யாணத்துக்கு அப்புறம் நரகத்துக்கு மாற்றினாலும் சரி.

மானேஜர் ராமமூர்த்திக்கு முடிவெடுப்பது என்றாலே ஆகாது. ஐந்து குமாஸ்தாக்களும் ஆளுக்கொரு சிபாரிசோடு வந்து அவரைப் பேஜார் பண்ணினார்கள். அந்தச் சமயத்தில்தான், தோல் வாங்க வந்த அமெரிக்காக்காரர் ஒருவர் போகும்போது ஓர் அட்டைப்பெட்டியைப் பரிசாக விட்டுவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பகடைகள், ஒரு கட்டம் போட்ட அட்டை, வாயில் நுழையாத பெயர்களோடு ஒரு கட்டுச் சீட்டு. பேஸ்பால் என்று ஒரு விளையாட்டாம். மைதானம் வேண்டாம், மட்டை வேண்டாம். மேசைமேலேயே ஒரு முழு சீசன் ஆடி முடித்துவிடலாமாம். அவரைக் கார் வைத்துக் காட்பாடி ஸ்டேஷன்வரை கொண்டுபோய் ரயிலேற்றிவிட்டு வந்த டெஸ்பாட்ச் குமாஸ்தா ஆபித் பாஷா, வழியெல்லாம் அவரிடமே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

மானேஜர் முகம் பளிச்சென்று ஆனது. "ஆளுக்கொரு டீம். தினமும் டீ நேரத்துல ஆட்டம். மார்ச் கடைசியில எவன் கடைசியோ, அவன் ஜன்னலுக்கு. என்னை யாரும் வந்து பாக்கக் கூடாது."

முதலில் சீட்டு எடுக்க யார் என்று குலுக்கியதில் தேவானந்தத்தின் பெயர் வந்தது. ஆபித் பாஷா சீட்டுகளை மேசையில் கல்யாண விருந்து மாதிரிப் பரப்பினான். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ஒன்றிலிருந்து ஆறுவரை ஓர் எண்.

"ஒம்பது ஆளையும் ஒரேயடியா எடுத்துக்க தேவா. மாப்பிள்ளை ஆவப்போற ஆளு."

தேவானந்தம் ஆபீசுக்கு வருமுன் ஏழு வருஷம் தோல் தரம் பிரிக்கும் இடத்தில் நின்றவன். அங்கே ஒன்றாம் நம்பர் என்றால் கீறல் இல்லாத, புள்ளி இல்லாத, கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்குகிற தோல். ஆறாம் நம்பர் என்றால் செருப்புக்கு அடியில் வைத்துத் தைப்பதற்கும் யோசிக்க வேண்டும். ஆம்பூரில் இதைக் குழந்தைகூடச் சொல்லும். அவன் கண் மின்ன, மூக்கு விடைக்க, ஒன்றாம் நம்பர் சீட்டுகளாகப் பொறுக்கி ஒன்பதையும் சேர்த்துவிட்டு, யாராவது தடுத்துவிடுவார்களோ என்று சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டான்.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்றான் ஆபித். "இப்ப ரூல் சொல்றேன், கேட்டுக்குங்க. பகடையில விழுந்ததோட மூலையில கீற நம்பரைக் கூட்டணும். பத்தைத் தாண்டினா ஆள் ஓடுவான். தாண்டலைன்னா அவுட். நம்பர் ஜாஸ்தின்னா ஆள் கெட்டி. கம்மின்னா சொத்தை."

ஆபீஸ் சிரித்த சிரிப்பில் கூரைத் தகட்டில் இருந்த புறாக்கள் வாணியம்பாடிக்குக் குடிபோயின.

"முன்னாடியே சொல்லக்கூடாதா பாய்?"

"நீ கேக்கலியே."

சீசன் தொடங்கியது. தேவானந்தத்தின் டீம் தோற்றது. மறுபடி தோற்றது. அவனுடைய ஆட்கள் களத்துக்கு வருவதே மரியாதைக்கு வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகத்தான் போலிருந்தது. பொங்கலுக்கு முன் தோற்றான். பொங்கலுக்கு லீவு, அதனால் தோற்கவில்லை. லீவு முடிந்து, விட்டதற்கும் சேர்த்துத் தோற்றான். தோல் வரவு எழுதும் கரும்பலகையில் ஆபித் பாஷா தினமும் டீம் நிலவரம் எழுதினான். மற்ற நாலு டீமுக்கும் பெயர் உண்டு. தேவானந்தத்தின் டீமுக்கு நேராக ஒரு ஜன்னல் படம் மட்டும் வரைந்திருப்பான். ஊறல் தொட்டியில் வேலை செய்பவர்கள் முதல் கூட்டுகிற முனியம்மா வரைக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

"இன்னா சாமி, இன்னிக்காவது ஒருத்தனாச்சும் ஓடுவானா?" என்பாள் முனியம்மா. "இல்ல எல்லாம் நொண்டிங்களா?"

அந்தோணி வேறு தன் பங்குக்கு, போகிற வழியில் நின்று, "சோப்பு எது நல்லதுன்னு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

லெந்து வந்தது. தேவானந்தம் கறியை விட்டான், முட்டையை விட்டான், டீயில் சர்க்கரையை விட்டான். பகடையை நெற்றியில் ஒற்றி, கண்ணை மூடி, உதடு அசைய ஜெபம் செய்துவிட்டு உருட்டினான். இரண்டும் மூன்றுமாக விழுந்தது. பரலோகத்தில் அந்த விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்திருக்க வேண்டும்.

அவனுக்காக இரக்கப்பட்டவர் ஒருவர்தான். சுந்தர்ராஜ். ரிடையராக ஒரு வருஷம் இருந்தது, இழுப்புக்காரர், நாலு படி ஏறினால் ஹார்மோனியம் மாதிரிச் சத்தம் வரும். சர்ச் கமிட்டியில் மெம்பர். ஒருநாள் டீ நேரத்துக்கு முன் அவனைத் தனியே கூப்பிட்டுத் தம்முடைய சீட்டுகளில் ஒன்றை அவன் கையில் வைத்தார். டெல்பர்ட். மூலையில் ஆறு. அவருடைய டீமில் அந்த எண் உள்ள ஒரே ஆள்.

"வச்சுக்க தம்பி. பதிலுக்கு உன் சொத்தையில ஒண்ணு குடு போதும். கல்யாணம் ஆவவேண்டிய புள்ள, அந்த நாத்தத்துல போய் உக்காரக் கூடாது."

தேவானந்தம் அவர் காலில் விழாத குறை. ஆபித் பாஷா சும்மா இருப்பானா? டெல்பர்ட்டை உருதுக் காதலனாக்கி, "தில்பர் வந்துட்டாண்டா" என்று அறிவித்தான். வந்த தில்பர் ஓடினான். அப்படி ஒரு ஓட்டம். ஜன்னல் படம் கரும்பலகையில் மெல்ல மேலேறியது. டெல்பர்ட்டை இழந்த சுந்தர்ராஜின் டீம் மெல்லக் கீழிறங்கியது. மார்ச் கடைசி நாளில் இரண்டும் ஒரே படியில் நின்றன. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், அவர்கள் இருவருக்கும். தோற்பவனுக்கு ஜன்னல்.

ஷாப்பே ஆபீசுக்குள் வந்துவிட்டது. கதவில் நின்றவன் தோளில் ஒருவன், அவன் தோளில் இன்னொருவன். மானேஜர் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தார். டெல்பர்ட் பழைய முதலாளி என்று பார்க்காமல் ஓடித் தள்ளினான். ஆனாலும் கடைசிக் கை சுந்தர்ராஜுடையது. அவருக்கு ஓர் ஓட்டம் கிடைத்தால் ஜெயித்தார். ஆள் அவுட்டானால் போச்சு.

அவர் உருட்டினார். ஒரு பகடையில் ஆறு. மற்றது ஓடிப்போய் டீ கிளாசில் மோதி, அதன்மேல் சாய்ந்து நின்றது. மேலே தெரிந்ததும் ஆறுதான்.

"வந்துடுச்சு" என்றார் சுந்தர்ராஜ். மூச்சு விசிலடித்தது.

"சாஞ்சு கீதே" என்றான் தேவானந்தம்.

எல்லாரும் ஆபித் பாஷாவைப் பார்த்தார்கள். அவனுக்கு அன்று ரம்ஜானும் பக்ரீதும் ஒன்றாக வந்தது போலிருந்தது. தாடியைத் தடவிக்கொண்டான். "காட்பாடி பாலத்து மேல போவும்போது வெள்ளைக்காரன் இதையும் சொன்னான். பகடை சாஞ்சா, எதிராளி இஷ்டம். ஒத்துக்கலாம். திருப்பிப் போடவும் சொல்லலாம். தேவா, நீ சொல்லு."

பாலத்தின்மேல் வெள்ளைக்காரர் தூங்கிக்கொண்டு வந்தார் என்பது ஆபித்துக்கு மட்டுமே தெரியும்.

சுந்தர்ராஜ் அவனைப் பார்த்தார். "தம்பி, எனக்கு இழுப்பு இருக்குப்பா."

தேவானந்தம் ஜெபகனியை நினைத்தான். அவள் அம்மாவின் மூக்கை நினைத்தான். நினைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"திருப்பிப் போடுங்க அய்யா" என்றான்.

இரண்டும் ஒன்றும் விழுந்தது.

ஏப்ரல் முதல் தேதி சுந்தர்ராஜ் ஜன்னலுக்குப் போனார். ஒரு டப்பா தைலம், மூக்கில் கட்ட ஒரு துண்டு, ஒரு பைபிள். முதல் நாள் மத்தியானத்துக்குள் ஹார்மோனியம் முழுக் கச்சேரிக்கு வந்துவிட்டது. தேவானந்தம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பேனுக்குக் கீழே, வகிடு கலையாமல், பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடைசி இடத்தில் இல்லாமல் இருப்பது எத்தனை குளுகுளுவென்று இருக்கிறது என்று வியந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வெள்ளை ஜிப்பாவும் குடையுமாக ஒருவர் ஆபீசுக்குள் வந்தார். இன்பசேகரன், ஜெபகனியின் அப்பா, வேலூரில் தலைமையாசிரியர். தேவானந்தம் எழுந்து வணங்கினான். அவர் குனிந்து, நாகரிகமாக, அவன் தோள் பக்கமாக ஒருமுறை மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"நல்லது தம்பி. இங்க சுந்தர்ராஜ்னு கமிட்டி மெம்பர் ஒருத்தர் இருக்காராமே. பையனைப் பத்தி அவரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னு பாஸ்டர் சொன்னாரு."

தேவானந்தத்தின் கை தானாக நீண்டு ஜன்னலைக் காட்டியது.

சுந்தர்ராஜ் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து, விருந்தாளியின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அதற்குப் பிறகு விடவில்லை. தம் நாற்காலியை ஜன்னலுக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு அதில் அவரை உட்காரவைத்தார். ஜன்னலின் மூடியிருந்த மறு கதவையும் காற்றுக்காகத் திறந்துவிட்டார். வெளியே தோல் டிரம்கள் உருளும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சுந்தர்ராஜ் சிரித்துச் சிரித்துப் பேசுவதும், அடிக்கடி இவனைக் காட்டிக் கையசைப்பதும் தெரிந்தது. புகழ்கிறார். தேவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனுஷர் பெரிய மனுஷர்தான். தலைமையாசிரியரின் கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் முகம் வெண்டைக்காய் நிறத்துக்கு வந்தது.

டீ நேரத்துக்கு டிரம்கள் நின்றன. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"விடாமுயற்சின்னா அவன்தாங்க. மூணு மாசமா ஒருநாள் தப்பாம பகடை உருட்டுனான். லெந்து நாள்லகூட நிறுத்தல."

"பகடையா?" கைக்குட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நாங்கல்லாம் சும்மா பொழுதுபோக்கு. அவனுக்கு அதுதான் உசுரு. பகடைய நெத்தியில வச்சு, ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் போடுவான். கறிய விட்டான், முட்டைய விட்டான், எல்லாம் பகடை நல்லா விழணும்னு. அப்படி ஒரு பக்தி."

"சிலுவைக்குக் கீழ ரோமச் சேவகனுங்க ஆண்டவரோட அங்கிக்குச் சீட்டுப் போட்டானுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமாங்க, ஆனா இவன் அளவுக்கு உருக்கமா போட்டிருக்க மாட்டானுங்க. பெரியவங்கன்னா மரியாதை வேற. எனக்கு இழுப்பு இருக்குப்பான்னு சொன்னேன். திருப்பிப் போடுங்க அய்யான்னான். அய்யான்ற வார்த்தைய விடல பாருங்க."

தலைமையாசிரியர் எழப் பார்த்தார். சுந்தர்ராஜ் கையை விடவில்லை.

"இன்னொண்ணு. இந்த மேசை வருஷா வருஷம் மாறும். நான் ரிடையரானதும் அவனுக்குத்தான் வரும்னு இங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் நம்பல. பொண்ணு வர்ற நேரம், பகடை மாறி விழலாம்."

இன்பசேகரன் குடையை மறந்துவிட்டு, பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, பேனுக்குக் கீழே ஒரு நொடி நின்றார். "தம்பி, பாப்பாவுக்குப் பயிற்சி இன்னும் பாக்கி இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. நாங்களே சொல்லி அனுப்பறோம்." வாசலைத் தாண்டியதும் வேலிச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

ஆபித் பாஷா டீ கிளாசை வாய்வரை கொண்டுபோனவன் குடிக்காமல் அப்படியே வைத்திருந்தான். ஒரு வார்த்தைகூட அவனுக்குத் தவறிவிடக் கூடாது.

சுந்தர்ராஜ் தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டார். "ஏன் தம்பி, நான் நல்லாத்தானே சொன்னேன்?"

தேவானந்தம் அவர் சொன்னதையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதில் ஒரு பொய்யையாவது கண்டுபிடிக்கப் பார்த்தான்.

"நல்லாத்தான் சொன்னீங்க அய்யா" என்றான்.