கதவில் நெளிந்த கோடு

அந்தக் கார் ஷெட்டுக்குள் பட்டப்பகலில் நின்றாலும் கையில் இருப்பது சுத்தியலா திருப்புளியா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் சுவர். ஜன்னல் கிடையாது. முன்னால் ஓர் இரும்பு ஷட்டர். ஒரு காரை உள்ளே விட்டால், பக்கத்துக்கு ஓர் ஆள் குந்தி வேலை செய்யும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். மேலே வீடு. வீட்டுக்காரம்மாவின் கணவர் கார் வைத்திருந்த காலத்தில் கட்டியது. கார் போய், கணவரும் போய், மிஞ்சியது இருட்டும் கால் உடைந்த இரண்டு நாற்காலிகளும். அதனால்தான் டிங்கரால் அதை வாடகைக்கு எடுக்க முடிந்தது.

முதல் நாள் அவன் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே நாலடி நடந்து, கையை நீட்டினாள்.

“ஏங்க, என் கை தெரியுதா?”

“வளையல் சத்தம் கேக்குது.”

“கிணத்தை வாடகைக்குப் புடிச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

அவன் சிரித்து மழுப்பினான். உள்ளுக்குள் அவனுக்கும் அதே பயம்தான்.

அதுவரை அவன் மேஸ்திரியின் பட்டறையில் டொக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அடிபட்டு நசுங்கிய காரின் தகட்டைத் தட்டி நேராக்குவதுதான் டிங்கரிங். அந்தப் பட்டறை நாலு கம்பத்தின் மேல் தகரம் போட்ட கொட்டகை. மழைக்குச் சாரல் அடிக்கும், வெயிலுக்கு அனல் அடிக்கும்; ஆனால் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு பக்கமும் திறந்து கிடந்ததால் வெளிச்சம் என்று ஒன்று தொழிலுக்கு வேண்டும் என்பதையே அவன் யோசித்ததில்லை. வேலை இவன் செய்வான், பெயர் மேஸ்திரிக்குப் போகும். சுத்தியல் பிடித்துத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிப்போன பிறகுதான், போதும், இனி நம் கையால் நாம் பிழைப்போம் என்று தோன்றியது.

மேஸ்திரி கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. பீடியை அணைத்துவிட்டு, “போ, போயிட்டு வா. உன் வேலைச் சட்டை ஆணியிலயே கெடக்கட்டும். திரும்பி வர்றப்போ எதுக்குப் புதுசு வாங்கிக்கிட்டு?” என்றார். டிங்கரும் அந்தச் சட்டையை எடுத்துவராமல் விட்டுவிட்டான். ரோஷம் என்று மனைவியிடம் சொன்னான். உள்ளுக்குள், திரும்பிப் போக ஒரு வழி இருக்கட்டுமே என்ற நப்பாசையும் இருந்தது.

முதல் வேலை சொந்தக்காரர் யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. வாடகைக் கார்கள் ஓட்டும் ஒருவர். டாக்ஸிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய கறுப்புக் காரின் இடது முன்கதவை ஒரு லாரி உரசி, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஆக்கியிருந்தது.

“கறுப்பு வண்டிப்பா. கறுப்புல ஒரு கீறல் இருந்தாக்கூடக் கூட்டம் கூடிப் பாக்கும். இதைச் சுத்தமா செஞ்சு குடு. மத்த வண்டிங்களும் உங்கிட்டயே வரும். சொதப்பினே, மேஸ்திரிகிட்ட விட்டுருவேன், அவ்வளவுதான்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இந்தக் கதவு நேரானால் அவனுக்குத் தொழில். இல்லையென்றால் ஆணியில் தொங்கும் சட்டை.

ஆக, முதலில் வெளிச்சம் வேண்டும். கையிருப்பு முன்பணத்தோடு கரைந்துவிட்டது. மனைவியின் தம்பி வயரிங் வேலை பார்ப்பவன். ஒரு துணிக்கடையைப் பிரித்துப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட பழைய குழல்விளக்குகள் நாலைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தான். குப்பைக்குப் போக இருந்த சாமான். கொடுத்த விலையைச் சொன்னால் குப்பை வண்டிக்காரனே சிரிப்பான்.

“மாமா, இந்த நாலும் எரிஞ்சா உங்க ஷெட்டு ஆபரேஷன் தியேட்டரு.”

“எரியுமா மாப்ள?”

“எரியலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

“போன தடவை எங்க வீட்டு ஃபேனுக்கும் இதேதான் சொன்னே. அது இன்னும் சுத்தல, உம்பேரும் மாறல.”

வீட்டுக்காரம்மா படியில் நின்றுகொண்டே நிபந்தனை சொன்னார். சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது. கரண்ட் மேல்வீட்டு லைனிலிருந்துதான் வருகிறது, பார்த்து எரிக்க வேண்டும். புழுதி மேலே வரக் கூடாது, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் தேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் டிங்கர் தலையாட்டினான்.

சுவருக்குச் சுவர் இரண்டு கழிகளை இறுக்கி முட்டுக்கொடுத்து, அவற்றில் கயிறு போட்டு நாலு விளக்கையும் மச்சான் தொங்கவிட்டான். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாள். முடிப்பதற்குள் தலைமுடி பாதி நரைத்துவிட்டது. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களால ஆகாதது, இந்த ஷெட்டால ஒரே நாள்ல ஆச்சு,” என்று தலையைத் தட்டினாள்.

சுவிட்சைப் போட்டதும் மூவரும் வாயைப் பிளந்தார்கள். மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. கீழே கிடந்த ஒரு திருகாணியின் மரையைக்கூட எண்ணலாம். நிழல் என்ற பேச்சே இல்லை. டிங்கருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதவை உள்ளேயிருந்து தள்ளி, பின்னால் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துத் தட்டி, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்தான். பார்த்தால் பலகை மாதிரி இருந்தது.

டிங்கர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு துணியைக் கதவின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுப்பார்கள். கண் காணாத மேடு பள்ளத்தைக் கை காணும். அவனும் இழுத்தான். கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை லேசாக ஏறி இறங்கியது போல இருந்தது. மறுபடி இழுத்தான். ஏறி இறங்கியது. நிமிர்ந்து கதவைப் பார்த்தான். நாலு விளக்கு வெளிச்சத்தில் அது வழவழவென்று நின்றது.

‘கைக்கு என்ன தெரியும், காய்த்துப் போன கை’ என்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சமாயிற்றே. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

மறுநாள் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைசித் தேய்ப்பில் இருந்தான். அன்று சாயங்காலம் டாக்ஸிக்காரர் வந்து பார்ப்பார், பார்த்துச் சரி என்றால் வண்டி நேராகப் பெயிண்டரிடம் போகும். மேலே வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைப் போட்டார். ‘டப்’பென்று ஒரு சத்தம். நாலு விளக்கும் ஒன்றாகச் செத்தன.

“போச்சுடா,” என்று வாளித் தண்ணீரை எடுத்துக் கதவின் மேல் ஊற்றினான். தேய்த்த தூளையாவது கழுவி வைப்போம், ஃபியூஸ் போட மச்சான் வந்து சேரட்டும் என்று, உள்சுவர் ஓரமாகத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் வெளிச்சம் தாழ்வாக உள்ளே நுழைந்து, காரின் பக்கவாட்டை ஒட்டி நீண்டது. பின்கதவு லாரி தொடாதது. கம்பெனியில் வந்தபடி இருந்தது. அதன் கறுப்பில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக, நூல் பிடித்தது போல் ஓடியது. அங்கிருந்து முன்கதவுக்கு வந்தது. ஊற்றிய தண்ணீர் காயாத பிரைமர் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் அந்தக் கோடு நெளிந்தது. கைப்பிடிக்குக் கீழே ஒரு வளைவு, தள்ளி இன்னொன்று, விளிம்பில் ஒரு சுழி.

டிங்கர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். எழுந்து நின்று பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அது சாரைப் பாம்பு.

நாலு பக்கமும் வெளிச்சம் கொட்டினால் மேட்டுக்கும் நிழல் இல்லை, பள்ளத்துக்கும் நிழல் இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மேஸ்திரியின் கொட்டகையில் தகரத்துக்குக் கீழே வெளிச்சம் எப்போதும் பக்கவாட்டில்தான் வந்தது. இவ்வளவு காலம் அந்த ஓரத்து வெளிச்சம்தான் இவனுக்குப் பள்ளத்தைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இவன் என்னவென்றால் காசு போட்டு அதை அழித்து வைத்திருக்கிறான். இந்தக் கதவு பெயிண்ட் ஏறி வெயிலில் போய் நின்றிருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

மச்சான் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் இறங்கி வந்தார், முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு.

“என்ன தம்பி, கடை வீதியா நடத்துறே இங்க? பாதிக் குளியல்ல நிக்கிறேன் நான். சொல்லிட்டேன், இனிமே ஒரே ஒரு லைட்டு. ரெண்டாவது எரிஞ்சா மெயினையே புடுங்கிருவேன்.”

“அம்மா, வயரை மாத்திப் போட்டுக் குடுத்துடறேம்மா, நாலும் தாங்கும்...” என்று மச்சான் இழுத்தான்.

“நீ மாத்தி மாத்திதான் எனக்குக் குளியல் போச்சு.”

“ஒண்ணு போதும்மா,” என்றான் டிங்கர்.

மச்சான் திரும்பி அவனை முறைத்தான். வீட்டுக்காரம்மாவும் சண்டை போடத் தயாராக வைத்திருந்த மீதி வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் படியேறிப் போனார்.

“என்ன மாமா, அலைஞ்சு திரிஞ்சு நாலு கொண்டாந்தேன், பொசுக்குன்னு ஒண்ணு போதும்ங்கிறீங்க?”

“நாலுல நல்லதா ஒண்ணைக் கழட்டி, கீழே எறக்குடா. முழங்கால் உயரத்துக்கு.”

“தரையில லைட்டா? எறும்புக்கா?”

“ஆமா, எறும்புக்குத்தான். எறக்கு.”

இரண்டு பெயிண்ட் டப்பாவின் மேல் விளக்கைக் கிடைமட்டமாக வைத்தான். கண் கூசாமலிருக்க, பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, மேலே கூரை போல மடித்துச் செருகினான். கதவில் தண்ணீரை அடித்ததும் குழல்விளக்கின் பிம்பம் வெள்ளைக் கோடாக விழுந்தது. பாம்பு பத்திரமாக இருந்தது.

வைத்த பட்டியைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கும்போதே டாக்ஸிக்காரர் வந்துவிட்டார். காய்ந்த பிரைமரை மேலோட்டமாகப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

“பரவால்லியே. முடிஞ்சுதுல்ல? எடுத்துட்டுப் போகலாமா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு மூலையில்தான் சுரண்டியிருந்தான். பட்டியை இழுத்து மூடிவிடலாம். காய்ந்த பிரைமரில் எதுவும் தெரியாது. பெயிண்ட் அடித்த பிறகு தெரிந்தால், பெயிண்டர் மேல் பழியைப் போடலாம். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். டிங்கர் கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு வாளியை எடுத்தான்.

“அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

தண்ணீரை அடித்தான். டாக்ஸிக்காரர் குனிந்தார். பின்கதவில் நேராக ஓடிவந்த கோடு, முன்கதவில் ஏறியதும் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி தள்ளாடியது.

“யோவ், என்னய்யா இது?”

“கதவு இன்னும் சரியாகலண்ணே. நேத்து நல்லாருக்குன்னு நெனச்சேன். இல்ல.”

“இன்னிக்கு முடியும்னுதானே சொன்னே? வண்டி ஓடலேன்னா எனக்குச் சோறு நீ போடுவியா? மேஸ்திரிகிட்டயே விட்டிருக்கணும், தெரியாத்தனமா...”

“நாளைக்குச் சாயங்காலம் வாங்க. கோடு நேரா ஓடலேன்னா, நானே வண்டிய மேஸ்திரிகிட்டத் தள்ளிட்டுப் போயி விடறேன். அவர்கிட்டயே வேலைக்கும் சேந்துடறேன்.”

டாக்ஸிக்காரர் மறுபடி குனிந்து, நெளியும் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். “நாளைக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலிருந்தே தட்டல் ஆரம்பித்தது. மேட்டைத் தட்டி இறக்குவான், பள்ளத்தை உள்ளேயிருந்து ஏற்றுவான், மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பான், தண்ணீர் அடிப்பான், குனிந்து பார்ப்பான். விளக்கை ஒரே இடத்தில் வைத்தால் சில பள்ளங்கள் ஒளிந்துகொண்டன. அதனால் மனைவி விளக்கை மடியில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தாள்.

“கீழே. இன்னும் கீழே. சாய்க்காதே.”

“இதுக்கு மேல கீழே போனா படுக்கணும்.”

“பாம்பு இருக்கா பாரு.”

“தலை போச்சு. வால் ஆடுதுங்க.”

கைப்பிடிக்கு அடியில் இருந்த மேடுதான் கடைசிவரை மல்லுக்கட்டியது. ஓங்கித் தட்டினால் பக்கத்தில் எழும்பும், விட்டால் முறைக்கும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, துணியை விரித்து உள்ளங்கையால் இழுத்தான். கை சொன்ன இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு, பலமில்லாமல். திரும்ப இழுத்தான். கை நழுவிக்கொண்டு போனது. தண்ணீர் அடித்தான்.

மனைவி விளக்கை வைத்துவிட்டுக் குனிந்தாள். பின்கதவில் தொடங்கிய கோடு, இடைவெளியைத் தாண்டி முன்கதவில் ஏறி, அலுங்காமல் கடைசிவரை போனது.

“செத்துப்போச்சுங்க,” என்றாள்.

சாயங்காலம் டாக்ஸிக்காரர் வந்தபோது அவரே வாளியை எடுத்துத் தண்ணீர் அடித்தார். இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். விளக்கைத் தன் கையாலேயே நகர்த்தினார். வலது பக்கத்துக்குப் போனவர், அங்கேயும் விளக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

“இந்தப் பக்கக் கதவும் நெளியுதேய்யா!”

“அது பழைய வேலைண்ணே.”

“இத்தனை நாள் எனக்குத் தெரியலையே.” சட்டைப்பையில் கையை விட்டபடி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். “வீட்டுல நிக்கிற வண்டியிலயெல்லாம் எத்தனை பாம்பு இருக்கோ. இனிமே எனக்குத் தூக்கம் வந்தாப்லதான். இந்த வண்டிய முதல்ல பெயிண்டர்கிட்ட அனுப்பு. வெள்ளை வண்டிய நாளைக்கு விடறேன். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வரும்.”

“வலது பக்கம்ணே?”

“வெள்ளை வண்டி முடிஞ்சதும் அதையும் செஞ்சுடு. தெரிஞ்சுபோச்சே, இனி எப்படி விடறது?”

வண்டி பின்னால் நகர்ந்து, ஷட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. மேலே வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து, “ஒண்ணுதானே எரியுது?” என்று குரல் கொடுத்தார்.

“ஒண்ணுதாம்மா.”

மச்சான் மிச்ச மூன்று விளக்கையும் அடுக்கிச் சணலால் கட்டிக்கொண்டிருந்தான், வேறு எவன் தலையிலாவது கட்டலாம் என்று. டிங்கர் ஈரமான கையைத் துடைக்கத் துணி தேடினான். இருந்த துணியெல்லாம் பட்டியும் சுண்ணாம்புமாக விறைத்துக் கிடந்தன.

“மாப்ள, போற வழியில மேஸ்திரி பட்டறைக்குப் போ. ஆணியில என் சட்டை தொங்கும், கேட்டு வாங்கிட்டு வா.”

“எதுக்கு மாமா? மறுபடி அங்க போறீங்களா?”

“நாளைக்கு வெள்ளை வண்டி வருதுடா. கதவு தொடைக்கத் துணி வேணும்.”