ஒத்தக்கையனின் பிளாஷ்பேக்

பலராமனுக்கு வலது தோளில் வலி. சம்மட்டி பிடிக்கிறவனுக்குத் தோள் வலிப்பது அதிசயமில்லை. ஆனால் அன்றைக்கு வலி தோளோடு நிற்காமல் கழுத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பகல் முழுக்கக் கிணற்றுக்குள் பாறை உடைத்தவன் நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டும். அவன் முருகையன் கடைக்குப் போனான். கேம் ரிமோட்டைக் கையில் பிடித்துவிட்டால் வலி தெரியாது என்பது அவன் நினைப்பு.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். திருவண்ணாமலைக்கு அடுத்த அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறையில் முருகையன் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ரெண்டு டிவி, ரெண்டு பெஞ்சு, ஒரு காற்றாடி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி டிவிகளைப் போர்வை போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டு, அதே அறையில் மலை சுற்ற வருகிறவர்களின் செருப்பையும் பையையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் கேம்தான்.

அங்கே ஓயாமல் ஓடியது ஒரே ஒரு சண்டைக் கேசட். மெட்ராஸிலிருந்து மலிவாக வந்த சரக்கு. மேலே படமும் கிடையாது, உள்ளே விளக்கத் தாளும் கிடையாது. திரையில் வரும் எழுத்து சீனாவா ஜப்பானா என்று யாருக்கும் தெரியாது. அதனால் சண்டைக்காரர்களுக்குக் கடைக்கு வந்தவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். குடுமி, தடியன், பாம்புக்காரி, ஒத்தக்கையன்.

எல்லோருக்கும் பிடித்தவன் ஒத்தக்கையன். இடது கையால் மட்டுமே அடிப்பான். வலது கை கண்ணுக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறானா, அல்லது இல்லவே இல்லையா, சொல்ல முடியாது. ஜெயித்தால் மற்றவர்கள் குதிப்பார்கள், கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். இவன் மட்டும் நமக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துவிடுவான். ஜெயித்தவன் எதற்கு இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார வேண்டும்?

தினமும் சாயங்காலம் கரண்ட் போகும். போனால் உடனே வராது. அந்த இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பையன்கள் ஒத்தக்கையனுக்குப் பிளாஷ்பேக் கட்டத் தொடங்கினார்கள். போகப்போக அதற்கென்று ஒரு சட்டமும் வந்துவிட்டது. ஒருத்தன் பிளாஷ்பேக்கைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒரு கேள்விக்கு வாய் அடைத்தாலும் கதை அவுட். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவனுக்குக் கரண்ட் வந்ததும் முதல் ஆட்டம். தீர்ப்பு முருகையனுடையது.

முக்கால்வாசி நாள் ஜெயிப்பவன் இளஞ்செழியன். திருவண்ணாமலையில் காலேஜ் படிக்கிறவன், வாயாடி. கிணறு வெட்டப் போகிற பலராமனுக்குக் கை வேலை செய்யுமே தவிர வாய் அவ்வளவு வேலை செய்யாது. அவன் எடுத்த கதையெல்லாம் ரெண்டாவது கேள்வியிலேயே விழுந்துவிடும்.

அன்றைக்கும் கரண்ட் போயிற்று. இளஞ்செழியன், ஒத்தக்கையன் ஒரு பணக்காரப் பெண்ணைக் காதலித்தான், அவள் அப்பன் ஆள் வைத்துக் கையை வெட்டினான் என்று ஆரம்பித்தான். வெட்டியவனை அடித்து ஜெயித்தபின் சந்தோஷப்படாமல் ஏன் உட்காருகிறான் என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. முருகையன் அவுட் என்றார்.

பலராமன் வாயைத் திறந்தான். எதற்குத் திறந்தான் என்பதைப் பின்னாளில் பலவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறான். இளஞ்செழியனை ஒருதரம் மடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. முதல் ஆட்டம் கிடைத்தால் ஆடிவிட்டுச் சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்பதும் இருந்தது. அதற்கெல்லாம் அடியில், வெளியே சொல்லமுடியாத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்த பாரமும் இருந்தது.

"அவனுக்குக் கை கீதுடா," என்றான். "அவனேதான் அதைக் கட்டி வெச்சிருக்கான்."

அந்தக் கதை ஒத்தக்கையனுடையது அல்ல. வேடியப்பனுடையது.

வேடியப்பனும் பலராமனும் ஒன்றாகக் கிணறு வெட்டப் போனவர்கள். முந்தின வருஷம் கோடையில் ஒரு வேலை. கீழே பாறையை உடைத்து இரும்புத் தொட்டியில் அள்ளிப் போடுவது வேடியப்பனின் அண்ணன் மண்ணாங்கட்டி. மேலே கிரேனில் பிரேக்கைப் பிடிப்பது வேடியப்பன். மேலே வந்த கல்லை வாரி ஓரமாகக் கொட்டுவது அன்றைக்குப் பலராமனின் முறை. தொட்டி பாதி தூரம் ஏறியிருந்தது. டீ கொண்டுவரும் ஆள் சைக்கிளை நிறுத்தினான். "டேய் வேடி, டீ வந்திடிச்சிடா," என்று பலராமன் கூப்பிட்டான். வேடியப்பன் திரும்பினான். தொட்டி கல்லோடு கீழே போயிற்று. மண்ணாங்கட்டி அங்கேயே செத்துப்போனான்.

பிரேக்குக் கட்டை தேய்ந்திருந்தது என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். கருமாதி முடிந்த மறுநாள் ஏரிக்கரையில் வைத்து வேடியப்பன் பலராமனிடம் சொன்னான்.

"கட்டை நல்லாதான்டா இருந்துச்சி. நீ கூப்ட்ட, திரும்பினேன், கை லூசாயிடிச்சி. நீ கூப்ட்டத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நான் கைய வுட்டத நீ சொல்லாத."

அண்ணன் பெண்டாட்டி காசியம்மாளையும் அவள் பெண் குழந்தையையும் அதற்கப்புறம் வேடியப்பன்தான் பார்த்துக்கொண்டான். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் விரட்டினான். கூலி வாங்கியதும் அரிசி பருப்பை அண்ணி வீட்டில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவான். அவன் மாதிரி ஒரு கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான் என்று ஊரே சொன்னது. காசியம்மாளும் சொன்னாள்.

இதைத்தான் பலராமன் இருட்டில் உட்கார்ந்து ஒத்தக்கையனுக்குத் தூக்கிக் கொடுத்தான். பெயர்களை மாற்றினான். கிணற்றைப் பாதாளச் சுரங்கமாக்கினான். கேள்விகள் வந்தன. ஒவ்வொரு கேள்வியும் அவனிடமிருந்து நிஜத்தில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அண்ணன்மேல் அவனுக்குப் பாசம் உண்டா? உண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அண்ணன் நல்லவனா? நல்லவன். செத்த அன்றைக்குக் காலையில்கூடத் தன் குழந்தைக்காக வெள்ளரிப்பிஞ்சு பறித்துத் துண்டில் முடிந்து வேப்பங்கிளையில் தொங்கவிட்டுத்தான் கீழே இறங்கினான்.

"ஜப்பான்காரனுக்கு ஏதுடா வெள்ளரிப்பிஞ்சு?" என்றான் இளஞ்செழியன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏன், அவனுங்க ஊர்ல வெள்ளரி காய்க்காதா? நீ போய்ப் பாத்தியா?" என்றார் முருகையன்.

கை ஏன் நழுவியது என்று ஒருத்தன் கேட்டான். யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினான் என்றான் பலராமன். கூப்பிட்டது எவன் என்று இளஞ்செழியன் விடாமல் கேட்டான். பலராமன் இருட்டில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, "எவனோ வழிப்போக்கன்," என்றான்.

அதன்பின் கேள்வி இல்லை. ஒத்தக்கையன் ஜெயித்தபின் ஏன் முதுகைக் காட்டுகிறான், ஏன் ஒரு கையை வெளியே எடுப்பதே இல்லை, எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. கரண்ட் வந்தபோது ஒருத்தன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டம் பலராமனுக்கு. ரிமோட்டைப் பிடித்தும் தோள் வலிக்கத்தான் செய்தது.

அதோடு மற்ற பிளாஷ்பேக்குகள் செத்தன. புதிதாகக் கடைக்கு வருகிறவனுக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லி, பிறகுதான் ரிமோட்டைக் கொடுத்தார்கள். செங்கம் ரோட்டுப் பையன்கள் கேட்டுவிட்டுப் போய் அவர்கள் பக்கம் சொன்னார்கள். ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள், ஒன்றை விட்டார்கள். வெள்ளரிப்பிஞ்சை மட்டும் ஒருத்தனும் விடவில்லை. சிரிக்கவும் அழவும் அதுதான் இடம்.

பௌர்ணமி நாளில் முருகையன் கடையில் செருப்பை வாங்கி அடுக்கிவைக்கும் வேலை காசியம்மாளுக்கு. அடுத்து வந்த பௌர்ணமியில், மலை சுற்றிவிட்டு வந்த காலேஜ் கூட்டாளி ஒருத்தனுடன் இளஞ்செழியன் கடை வாசலில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டே ஒத்தக்கையன் கதையைச் சொன்னான். காசியம்மாள் பாதிக் காதில் கேட்டபடி செருப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளரிப்பிஞ்சு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தத் துண்டைச் சாவு வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தவன் பலராமன். முடிச்சைக்கூட அவிழ்க்காமல் வைத்தான்.

மறுநாள் அவன் வேலை செய்கிற கிணற்றுமேட்டுக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, பொம்ம சண்டக் கதையில எங்க வூட்டு வெள்ளரிப்பிஞ்சு எப்படி வந்திச்சி?"

அவனுக்கு ஒரு நல்ல பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சும்மா ஒரு உருக்கத்துக்குச் சேர்த்தேன் அண்ணி, தப்புதான், மற்றதெல்லாம் என் கற்பனை என்று காலில் விழுந்திருக்கலாம். நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். அவனுக்கு அந்தப் பொய்யும் வரவில்லை, முழு நிஜமும் வரவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்தான்.

"என் கொழுந்தன் கைய வுட்டானா? சொல்லு."

"வேடியையே கேளு அண்ணி."

"கூப்ட்டது வழிப்போக்கன்னு சொன்னானே அந்தப் பையன். எவன் அது?"

"அதயும் அவனையே கேளு."

அவள் போய்க் கேட்டாள். வேடியப்பன் மறைக்கவில்லை. தன் பங்கை அப்படியே சொன்னான். கூப்பிட்டது யார் என்றதற்கு மட்டும் நினைவில்லை என்றானாம். காசியம்மாள் மண்ணை வாரித் தூற்றவில்லை, ஊரைக் கூட்டவில்லை. அவன் கொண்டுவந்த அரிசி மூட்டையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டாள். கோழி கொத்திக் கிழித்து, அரிசி கொட்டி, மழையில் ஊறி நாறியது. அக்கம்பக்கத்தில் ஒருத்தி வந்து வேடியப்பனுக்காக நியாயம் பேசினாள். அவளிடம் காசியம்மாள், "செத்தவரு செத்துட்டாரு, அத வுடு. இத்தினி நாளும் எதுக்குன்னு தெரியாம அவன் போட்ட சோத்தத் தின்னேனே, அதுதான் தொண்டையில நிக்கிது," என்றாளாம்.

வேடியப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். சேதி கேட்டுப் பலராமன் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். வேடியப்பன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற பலராமனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலராமன், சாப்பிட்டியா என்று கேட்டான்.

"கதைய ரொம்ப நல்லா சொன்னியாமே," என்றான் வேடியப்பன். "அழுதானுங்களாமே."

"டேய்..."

"நீ கூப்ட்டத நான் இன்னிக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உன்னுது. நீயா போய் அண்ணிகிட்ட சொல்லு."

பஸ் நகர்ந்தது. அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

பலராமன் அதன்பின் முருகையன் கடைப் பக்கம் போகவில்லை. கொஞ்ச காலத்தில் கடையும் போயிற்று. டிவிகளை விற்றுவிட்டு முருகையன் எஸ்டிடி பூத் வைத்தார்.

ரெண்டாயிரத்து ஐந்தில் இளஞ்செழியன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஊருக்கு வந்தவன் பலராமனைச் செங்கம் ரோட்டில் பார்த்துவிட்டான். பழைய ஆளைப் பார்த்த சந்தோஷத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்காரவைத்தான். அந்தச் சண்டை கேமை ஆடியவர்கள் உலகம் பூரா இருக்கிறார்களாம், இன்டர்நெட்டில் கூடிப் பேசுகிறார்களாம்.

"உன் பிளாஷ்பேக்க நான்தான் இங்கிலீஷ்ல எழுதிப் போட்டேன். எவ்வளவு பேரு படிச்சிருக்கான் பாரு. இதான் உண்மையான கதைனு சண்ட போடறானுங்க."

பலராமனுக்கு அந்த எழுத்து புரியவில்லை. வெள்ளரிப்பிஞ்சும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இளஞ்செழியன் இன்னொரு படத்தைத் திறந்தான். ஒத்தக்கையன் நின்றான். ரெண்டு கையோடு நின்றான்.

"ஒரிஜினல் கேசட்ல இவனுக்கு ரெண்டு கை. நம்ம ஊருக்கு வந்தது டூப்ளிகேட்டு. காப்பி அடிச்சவன் ஒரு கைய வுட்டுட்டான். ஜெயிச்சா ஒக்காரல, கும்பிட்டு எழுந்துக்கிறான். நம்முளுதுல எழுந்துக்கிற படமும் வரல. நாம இன்னாடான்னா..."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது யாருடைய கதை என்று அவனுக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பலராமன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லாத ஒரு துக்கத்துக்குக் காரணம் சொல்லப் போய், இருந்த ஒரு மனுஷனை ஊரைவிட்டு ஓட்டியிருக்கிறான். எழுதிப் போட்டதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். இத்தனை பேர் படித்தபின் எடுத்து என்ன ஆகப்போகிறது என்றான் இளஞ்செழியன்.

காசியம்மாள் அப்போது மலை சுற்றும் பாதையில் இட்லிக் கடை போட்டிருந்தாள். பெண் பெரியவளாகிவிட்டாள், கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். வேடியப்பன் யார் கையிலாவது அவளுக்குத் துணிமணி கொடுத்தனுப்புவான். வந்த கையோடு திரும்பிப் போகும். வேலைக்குப் போகும் வழியில் பலராமன் அங்கே சாப்பிடுவான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் இட்லி வைப்பாள், சாம்பார் ஊற்றுவாள். தோள் எப்படி இருக்கிறது என்று சில நாள் கேட்பாள். சம்மட்டியை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாதா என்பாள். வேடியப்பனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

பிரௌசிங் சென்டரிலிருந்து வந்த மறுநாள் காலை, அவன் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி," என்றான்.

"இன்னா, சட்னி வைக்கவா?"

வை என்றான். வைத்தாள். சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வேலைக்குப் போனான்.

வேடியப்பன் தன் பங்கைச் சொல்லி அதற்கான தண்டனையையும் வாங்கிக்கொண்டான். அன்றைக்குக் கிணற்றுமேட்டில் டீக்குக் கூப்பிட்டது தான்தான் என்று பலராமன் காசியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கடன் அவன்மேல் அப்படியே நிற்கிறது.