மூணாம் சீட்டில் எலுமிச்சை வாசனை

நாலு மணிக்கு அவளைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போகிறது என்று ஷிஃப்ட் சார் காலையிலேயே சொல்லிவிட்டார். அதில் இரண்டே முடிவுதான் இருக்க முடியும். ஒன்று, அவள் தன் இடத்திலேயே இருப்பாள்; இல்லையென்றால் நாளையிலிருந்து கீழ்த்தளத்து ஃபைல் அறை. ஒன்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கூப்பிடும் பெயரே ‘மூணாம் சீட்’ என்று ஆகிப்போனவளுக்குக் காலையிலிருந்து ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

உயிருக்கு ஆபத்து என்று யார் போன் செய்தாலும் மணி அடிக்கிற அறை அது. ஆறு மேஜை, ஆறு ஹெட்போன், மருந்துக்கும் ஒரு ஜன்னல் கிடையாது. ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை போனில் இருப்பவரைக் கைவிடாமல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. அங்கே ஒரு சட்டம் உண்டு: எடுத்த குரல் கடைசிவரை மாறக் கூடாது. பதறிக்கொண்டிருப்பவர் காதில் பாதியில் வேறு குரல் விழுந்தால், செய்துகொண்டிருக்கும் கை நின்றுவிடும். அப்படியும் குரல் தடைப்பட்டால் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம், சீட்டு, காரணம். கடைசிக் கட்டத்தில் ‘மறுபடி நடக்காதிருக்கச் செய்தது’. அந்தக் கட்டத்தை நிரப்புவது ஷிஃப்ட் சாரின் பொறுப்பு. சார் அதில் எப்போதும் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவார்.

ஆறு மாதத்துக்கு முன் அறையைப் புதுப்பித்தார்கள். புது பெயிண்ட், புதுத் தரைவிரிப்பு, அதை ஒட்டிய பசை. அந்த வாடை போகவில்லை என்று சுவரில் ஒரு வாசனை மெஷினை மாட்டினார்கள். கால் மணிக்கு ஒரு தடவை ‘புஸ்’ என்று எலுமிச்சை வாசனை அடிக்கும். ஒரு நாற்றத்தின் மேல் இன்னொன்றைக் கொட்டிவிட்டு அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைப்பது அலுவலகங்களுக்கே உரிய சாமர்த்தியம். அவளுக்கு முதலில் கண் எரிந்தது. பிறகு தலை கனத்தது. பிறகு ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தொண்டை இறுகி, குரல் வெறும் காற்றாகிப் போனது.

வாசனை பட்டால் குரல்நாண் இறுகிக்கொள்கிறது என்றார் டாக்டர். “இதுக்குன்னு மாத்திரை கிடையாதும்மா. அது பக்கத்துல போகாம இருக்கிறதுதான் மருந்து” என்று சொல்லி, அலுவலகத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். ஷிஃப்ட் சார் அதை வாங்கி, ஒரு பின் அடித்து, இழுப்பறைக்குள் போட்டார். ஆறு மாதத்தில் பதிவேட்டில் அவள் பெயரில் மூன்று பதிவுகள் ஏறின. மூன்றிலும் காரணம் ‘இருமல்’, கடைசிக் கட்டத்தில் கோடு. இன்றைக்கு அந்த மூன்று கோடுகளும்தான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகின்றன.

வீட்டில் நிலைமை வேறு. அவள் புருஷன் தலைக்கு எண்ணெய் தடவுவதை விட்டார், பவுடர் போடுவதை விட்டார். “வாசனையில்லாத சோப்பு போட்டுக் குளிச்சுக் குளிச்சு, கண்ணாடியில பார்த்தாத்தான் நான்தான்னே தெரியுது” என்று கேலி செய்வாரே தவிர, ஒரு நாளும் மறந்து மாற்றிப் போட்டதில்லை. கட்டிக்கொண்டவர் செய்கிற காரியத்தைக் கூட வேலை பார்ப்பவர்களிடம் எதிர்பார்ப்பது தப்புதானோ என்று அவளுக்கே சில நாள் தோன்றும்.

தப்பு என்றுதான் நாலாம் சீட்டுக்காரன் நினைத்தான். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். போன வாரம் அவள் சார் முன்னால் நின்று அழுத பிறகு சுவரிலிருந்த மெஷினைக் கழற்றினார்கள். ஆணி அடித்த இரண்டு ஓட்டைகள் மட்டும் மிச்சம். மறுநாள் ரேடியோ சட்டை முழுக்க சென்ட்டை ஊற்றிக்கொண்டு வந்தான்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ஒருத்தங்க மூக்குக்காக நாங்க அஞ்சு பேரும் பழைய சாக்ஸ் வாசனையில உட்காரணுமா?”

“உன் சீட்டைத் தள்ளிப் போட்டுக்கோடா தம்பி, போதும்” என்றாள் அவள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே மேஜையை மூலைக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அதிலிருந்து ஒரு வாரம் அவளுக்குக் குரல் கெடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மூன்று பத்துக்கு எலுமிச்சை வாசனை வந்தது.

அவள் சட்டென்று சுவரைப் பார்த்தாள். அந்த இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. ரேடியோ தன் மூலையில்தான் இருந்தான். யாரும் எதையும் அடிக்கவில்லை. நாக்கின் அடியில் அந்த வாசனையின் கசப்பு மட்டும் நிஜமாக இருந்தது. எல்லோரும் சொல்கிற மாதிரி எல்லாம் மனசுதானோ? இல்லாத வாசனை தெரிய ஆரம்பித்துவிட்டதா? அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. வெளியே போய்க் காற்று வாங்கலாம் என்று எழுந்தாள். எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஷிஃப்ட் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் பேனாவோடு. நாலு மணிக்கு அறிக்கை. மூன்று பத்துக்கு மூணாம் சீட் காலி என்று எழுதிவிட்டால்? உட்கார்ந்தாள்.

மூன்று பதினெட்டுக்கு மணி அடித்தது.

“ஹலோ! சீக்கிரம் வாங்க! மாமா விழுந்துட்டாரு! மூச்சில்ல!” ஒரு பெண் அலறினாள். பின்னால் மரம் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க இருக்கீங்கம்மா?” குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்தாலும் வந்தது.

மரப்பட்டறை. விழுந்தவர் மாமனார். பட்டறையில் மருமகளும் அவரும் மட்டும்தான். விலாசம் திரையில் ஏறியது, வண்டி கிளம்பியது. எட்டு நிமிஷம் ஆகும் என்று திரை காட்டியது.

“மெஷினை நிறுத்துங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்க. மாமாவை மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கையை வச்சு, மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. நல்லா அழுத்துங்க. நான் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு...”

“எலும்பு உடைஞ்சிரும்போல இருக்குங்க!”

“உடைஞ்சாலும் பரவால்ல. நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு...”

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடியும் அடித்தது. இந்த முறை அவள் காதிலேயே விழுந்தது. முதுகுக்குப் பின்னால் எங்கேயோ, ‘புஸ்’. அப்படியென்றால் மனசு இல்லை! ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த கணம் யாரோ தொண்டையை முறுக்கிப் பிழிந்தார்கள்.

“மூ...” என்றாள். காற்று மட்டும் வந்தது.

“ஹலோ? ஹலோ! இருக்கீங்களா? அக்கா! நான் என்ன பண்ணட்டும்?”

அவள் கதவைப் பார்த்தாள். எழுந்து ஓடினால் இரண்டு நிமிஷத்தில் தொண்டை திறக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கை நின்றுவிடும். கை நின்றால் அந்த மனுஷன் போய்விடுவார். அவள் எழவில்லை. பேனாவை எடுத்து மைக்கின் பக்கத்தில் மேஜையைத் தட்டினாள். டக், டக், டக், டக். ஒரு நொடிக்கு இரண்டு தட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. பிறகு அந்தத் தட்டோடு சேர்ந்து தரைப்பலகை முனகுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. புரிந்துகொண்டாள், புண்ணியவதி.

இடது கையால் அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள். ரேடியோ திரும்பினான். நீலம் பாய்ந்த உதட்டையும், பேனா தட்டுகிற கையையும் பார்த்தான். ஒவ்வொரு மேஜையிலும் பயிற்சிக்கு வருபவர்களுக்காக இரண்டாவது ஹெட்போன் மாட்ட ஒரு துளை உண்டு. அவன் தன் ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டடி தூரத்தில் சடாரென்று நின்றான். தன் சட்டையைக் குனிந்து பார்த்தான்.

ஒரு வாரம் அவளைச் சீண்டுவதற்கென்றே ஊற்றிக்கொண்ட சென்ட். மேலே ஒரு அடி எடுத்து வைத்தால் அவளுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றுவிடும் என்று முதல் தடவையாக அந்த மண்டைக்கு உறைத்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்கு அடுத்தவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, அந்த மட்டும் நல்லவன். பட்டன் தெறிக்கச் சட்டையைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வீசிவிட்டு, பனியனோடு வந்து ஹெட்போனைத் துளையில் செருகினான்.

அவள் துண்டுக் காகிதத்தில் கிறுக்கினாள்: ‘நான் தட்டுவேன். நீ பேசு.’

“அம்மா, அக்கா இங்கதான் இருக்காங்க, எங்கயும் போகல. அந்தத் தட்டு அவங்க தட்டுறதுதான். அதை விடாதீங்க, அந்தத் தட்டுக்கே அழுத்துங்க. வண்டி உங்க தெருவுக்குள்ள வந்துருச்சு. கதவு திறந்திருக்கா? சரி. நீங்க எழுந்திருக்க வேணாம். அழுத்துங்க, அழுத்துங்க...” வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ உருப்படியாகப் பேசினான்.

அவள் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தட்டு மட்டும் நிற்கவில்லை. டக், டக், டக். போனில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆண் குரல்கள். “விலகுங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்.” எதுவோ இழுபட்டது, எதுவோ கீச்சிட்டது. ஒரு யுகம் கழித்து யாரோ சொன்னார்கள்: “நாடி வந்துருச்சு. தூக்குங்க.” லைன் அறுந்தது.

பேனாவைப் போட்டுவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஜன்னலுக்குப் போனாள். ஐந்து நிமிஷம் தலையை வெளியே நீட்டி நின்றாள். மூச்சு திரும்பியது. குரல் திரும்பவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, இந்த ஆறு மாதத்தில் வராத கோபம். கைக்குட்டையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அறையின் நடுவில் ஒரே ஒரு முறை கைக்குட்டையை விலக்கி மோந்தாள். பிறகு எந்த மூக்கை எல்லோரும் கேலி செய்தார்களோ அந்த மூக்கு காட்டிய வழியில் நேரே பழைய பதிவேடுகள் வைக்கும் அலமாரிக்குப் போய், அதன் பின்னால் கையை விட்டாள். டேப் ஒட்டி வைத்திருந்த வாசனை மெஷின் கையோடு வந்தது.

அதைக் கொண்டுபோய் ஷிஃப்ட் சார் மேஜையில், பாதி எழுதிய அறிக்கையின் மேல் வைத்தாள். மூன்று நாற்பது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஒரு தடவை ‘புஸ்’ என்றது.

“எவன்டா வச்சான் இதை?” என்று பனியனோடு கத்தினான் ரேடியோ. “நான் இல்ல சார், சத்தியமா நான் இல்ல!”

சார் முகத்தில் ஈயாடவில்லை. மெஷினின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார். ஒரு பேட்டரி உருண்டு கீழே விழுந்தது.

“நான்தான்” என்றார். “தெரிஞ்சு வச்சா இருமுறாங்க, தெரியாம வச்சா இருமுறாங்களான்னு பார்க்கலாம்னு... அறிக்கையில ஏதாவது ஆதாரம் எழுதணுமேம்மா. மேல கேக்குறாங்க. இந்த நேரத்துல இப்படி ஒரு போன் வரும்னு நான்...”

போன் வரும் என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன் நினைக்கவில்லையாம்! அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வெட்டிய குழியில் ஒரு மரப்பட்டறைக்காரர் விழுந்து சாக இருந்தார். இதையெல்லாம் அவள் சொல்லியிருப்பாள், சொல்லக் குரலில்லை. அதனால் பதிவேட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தாள். நேரத்தை அவளே எழுதினாள். சீட்டு நம்பரை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

சார் பேனாவை வாங்கினார். பிறகு எழுதினார்: ‘அறையில் வாசனை மெஷினை மறைத்து வைத்தது நான்.’ கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் பேனா தானாகக் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்து, கோடு போட ஆரம்பித்தது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்பது வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“வேற என்னம்மா எழுதுறது?” என்றார் சார், சின்னப் பிள்ளை மாதிரி.

அவள் மேஜையைச் சுற்றிப் போய் அவருடைய இழுப்பறையைத் திறந்தாள். ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த டாக்டர் கடிதம் பின் அடித்தபடியே அடியில் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்து, முதல் வரியில் விரலை வைத்தாள். அவர் படித்துப் பார்த்து எழுதினார். வாசனைப் பொருள் எதுவும் அறையில் கூடாது. விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. துடைப்பதற்கு வாசனையில்லாத திரவம். அடுத்த வரி. தரைவிரிப்பை எடுத்துவிட வேண்டும். அடுத்தது. வெளிக்காற்று வர வழி செய்ய வேண்டும். ஐந்தாவதில் ரேடியோ எட்டிப் பார்த்தான். பணியாளர்கள் சென்ட் பூசி வரக் கூடாது. அவன் இரண்டடி பின்வாங்கினான்.

கட்டம் சின்னது. எழுத்து ஓரத்தில் ஏறி, கீழே இறங்கி, அடுத்த பக்கத்துக்கும் போனது. மணி நாலு அடித்தது. மெஷின் விட்ட எலுமிச்சைக் கறையோடு அறிக்கை பாதியிலேயே கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மூணாம் சீட்டில் போன் அடித்தது. அவள் திரும்பினாள். சட்டையில்லாமல் ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ரேடியோ அவள் மேஜைப் போனை எடுத்து, “சொல்லுங்க, எங்க இருக்கீங்க?” என்றான். பேசிக்கொண்டே மூணாம் சீட் நாற்காலியை அவளுக்காக நகர்த்திக் கதவோரம், காற்று வருகிற இடத்தில் போட்டான். அதில் அவன் உட்காரவில்லை.