சௌதாவுக்குக் காமாலை

சௌதா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் ஓடினாள்.

கருத்தம்மாள் நாற்காலியை நகர்த்தி இரண்டு போர்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "அருப்புக்கோட்டை லைன் கிடைக்கலை சார், செத்த இருங்க" என்று யாரோ ஒரு மில் மேனேஜரைச் சமாளித்தபடியே, சௌதாவின் போர்டில் எரிந்த விளக்குக்குப் பிளக்கைச் செருகினாள். கை வேலையில் இருந்தது. மனசு நடைக்கோடி பாத்ரூம் வாசலில் நின்றது.

சௌதா சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். உதடு வெடித்திருந்தது.

"என்னட்டி வந்துச்சு?"

"என்ன வரும், வயித்துல ஏதாவது இருந்தாத்தானே? மஞ்சத்தண்ணிதான்."

ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். சௌதா வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில், தினமும் பஸ். அவள் முழுகாமல் இருப்பது இந்த உலகத்தில் கருத்தம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் இப்படி இல்லை. நாள் தள்ளிப்போன மறுநாளே மாமியார் அப்ரோஸ் பேகம் தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். அடுத்த மாதமே கரு கலைந்துவிட்டது. சீனி வாங்கிய வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருத்தியும் வந்து, 'எப்படி ஆச்சு, என்னத்தைத் தின்னே' என்று கேட்கக் கேட்க, சௌதா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை வயிறு தெரிகிறவரைக்கும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். கணவன் சேக் முகைதீனிடம்கூட. காலையில் அவன் காதில் போட்டால் சாயங்காலம் அவன் அம்மா காதில் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து ரம்ஜான் வந்தது. கூடவே கத்திரி வெயிலும் வந்தது.

"பிள்ளைத்தாச்சி நோன்பு வைக்கலைன்னா உங்க மார்க்கத்துல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நீதானே சொன்னே?" என்றாள் கருத்தம்மாள்.

"அல்லா ஒண்ணும் சொல்ல மாட்டான். மாமிகிட்ட என்ன காரணம் சொல்ல?"

"அப்போ வீட்டுல நோன்புன்னு சொல்லிக்கோ. இங்க வந்து இளநி குடி. எவளுக்குத் தெரியப்போகுது?"

"போடி. அப்படி ஒரு நோன்பு எதுக்கு?"

விடியுமுன்னே எழுந்து எல்லோரும் பார்க்கச் சோறு சாப்பிடுவாள். சாப்பிட்டதைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் வாந்தி எடுப்பாள். பிறகு நோன்போடு பஸ் ஏறுவாள். கருத்தம்மாள் நாரத்தங்காய் ஊறுகாயை மோந்து பார்க்கக் கொடுத்தாள். கேன்டீன் தாளிப்பு வாசனை வராத பக்கமாகப் போர்டை மாற்றிக் கொடுத்தாள். அவளுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குமேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் சௌதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்கே போகலை கருத்தம்மா."

கருத்தம்மாள் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். குளுக்கோஸ் ஏற்றினார். "இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா பிள்ளையும் இல்லை, நீயும் இல்லை. கொஞ்சங்கொஞ்சமா அடிக்கடி ஏதாவது உள்ள போகணும். நோன்பை அப்புறம் வச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் சௌதா அழுதாள். "திரும்பவும் தெருவே வீட்டுக்கு வரும். என்னால முடியாதுட்டி."

அப்போதுதான் கருத்தம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. அவர்களோடு வேலை பார்க்கும் ஒருத்திக்குப் போன மாதம் காமாலை. அவளும் இப்படித்தான் சோற்றைக் கண்டால் ஓடினாள்.

சாயங்காலம் அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூடப் போனாள். "அம்மா, சௌதாவுக்கு மஞ்சள் காமாலையாம். நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று அப்ரோஸ் பேகத்திடம் தைரியமாகச் சொன்னாள்.

அப்ரோஸ் பேகம் மருமகளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, கண் இமையைக் கீழே பிதுக்கிப் பார்த்தாள். "ஆமா புள்ள, மஞ்சளாத்தான் கிடக்கு! நான் குருடி மாதிரி இருந்திருக்கேனே."

இல்லாத மஞ்சள் அந்தக் கண்ணில் எப்படித் தெரிந்தது என்று கருத்தம்மாளுக்குப் புரியவில்லை. நிம்மதியாக ராஜபாளையம் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை சௌதா வேலைக்கு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் விளக்கு எரிந்தது. பிளக்கைச் செருகினால் சௌதாவின் குரல், கிசுகிசுப்பாக. வீட்டு முன்பக்கத்தில், இன்னும் திறக்காத புருஷனுடைய கடையின் போன்.

"மாமி முதல் பஸ்ஸுல வத்திராயிருப்புக்குப் போய் வைத்தியர்கிட்ட காமாலை மருந்து வாங்கியாந்துட்டாவ. அரைச்சுக்கிட்டு இருக்காவ. குடிச்சா வாந்தியும் பேதியுமா பித்தம் அம்புட்டும் கழண்டுருமாம்."

பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர் இருந்ததால் கருத்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "குடிக்காத. உண்மையைச் சொல்லிரு."

"வாய் வரமாட்டேங்குதுட்டி. நோன்போட அவ்வளவு தூரம் போயிட்டு வந்து…" லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

என்ன சொல்லி லீவு கேட்டாள் என்று கருத்தம்மாளுக்கே நினைவில்லை. பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. ஒரு கிழவர் கோழிக்கூடையோடு இறங்க மாட்டாமல் இறங்கினார். "அண்ணே, விசில் குடுங்கண்ணே" என்று கருத்தம்மாள் கத்தினாள். "ஏம்மா, பஸ்ஸை நீ ஓட்டுதியா?" என்றார் கண்டக்டர். ஜன்னல் கம்பியைப் பிடித்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் விடவில்லை.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தபோது, டம்ளர் சௌதாவின் கையில் இருந்தது. பச்சையாக, நுரையோடு.

"வாம்மா, நீயாவது சொல்லு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல…" என்றாள் அப்ரோஸ் பேகம்.

"அம்மா, அதைக் குடிக்கக் கூடாது. நான் சொன்னது பொய்."

"பொய்யா?"

கருத்தம்மாள் சௌதாவைப் பார்த்தாள். மீதியை அவள்தான் சொல்ல வேண்டும்.

"முழுகாம இருக்கேன் மாமி."

அப்ரோஸ் பேகம் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். டம்ளரைக் கழுவினாள். புளி போட்டு மறுபடியும் கழுவினாள். முதுகு மட்டும்தான் இவர்களுக்குத் தெரிந்தது. கோபம் என்றே கருத்தம்மாள் நினைத்தாள்.

"இம்புட்டு நாளும் வயித்துல பிள்ளையோட பட்டினி கிடந்தியா?" திரும்பாமலே கேட்டாள். "நான் ஊரைக் கூட்டுவேன்னா?"

அப்ரோஸ் பேகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டது தப்புத்தான். கூட்டினவதானே நான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்குத் தெரியும்?"

"கருத்தம்மாளுக்கு மட்டும்தான்."

"சேக்குக்கு?"

"இல்லை மாமி."

"சொல்லாத. அவனுக்கு என் வாயி."

கருத்தம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. அதற்குள் பக்கத்து வீட்டு அசீனா கை நிறையச் செடியோடு வந்து நின்றாள். "என்ன அப்ரோஸ், உன் மருமகளுக்குக் காமாலை, வாந்தி எடுக்கான்னு கேள்விப்பட்டேன். காமாலைதானா, இல்லை விசேஷமா?"

சௌதாவின் முகம் வெளுத்துப்போனது. அப்ரோஸ் பேகத்தின் வாய் திறந்தது. ஒரு நொடி அப்படியே நின்றது. எவ்வளவு பெரிய சந்தோஷத்தை விழுங்குகிறாள் என்பது கருத்தம்மாளுக்குத் தெரிந்தது.

"விசேஷமும் இல்லை, ஒண்ணும் இல்லை. காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளா கிடக்கு."

"அதான் கேட்டேன். இந்தா, கீழாநெல்லி. எங்க கொல்லையில எம்புட்டு வேணும்னாலும் கிடக்கு. தினமும் கொண்டாரேன்."

"கொண்டா, கொண்டா" என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள் அப்ரோஸ் பேகம்.

அடுப்பில் கஞ்சி வைத்து, மேலாகத் தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, உப்புப் போட்டு ஆற்றிக் கொண்டுவந்தாள். நோன்பிருந்த அவள் உதடும் காய்ந்துதான் இருந்தது. ஸ்பூனால் ஒரு வாய் கொடுத்துவிட்டு நிறுத்தினாள். சௌதா விழுங்கினாள். மூவரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

தங்கியது.

"இன்னொரு வாய் கொடுங்க மாமி" என்றாள் சௌதா.