வெளிநாட்டில் இருக்கும் குரல்

உலக நீதிச் சபையின் விசாரணைக் குழுவிடம் சாட்சி சொன்ன பதினோராயிரம் பேருக்கும் சொன்ன அன்றைக்கே குரல் போய்விட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவள் அவர்களில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். மருந்து வாங்கப் போன மகனைச் சீருடைக்காரர்கள் வண்டியில் ஏற்றியதை, வண்டி எண் உட்பட, பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று வெளிநாட்டு நீதிபதிகள் முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் சொன்னாள். ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு அணைந்ததும் நன்றி சொல்ல வாய் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். குரல் ஒலிநாடாவோடு விமானம் ஏறியிருந்தது.

நிலைய அதிகாரி நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்தாமல், பலகையில் ரயில் நேரம் எழுத வைத்தார். சபை கூடியது, கவலை தெரிவித்தது, கலைந்தது. மறுபடி கூடி, ஆழ்ந்த கவலை தெரிவித்தது. முதலில் நாடே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அப்புறம் ‘கவலை’ என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து போனார்கள். அப்புறம் வானொலியைத் திருகவே இல்லை. அவள் மட்டும் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு மகனின் பெயரை உதட்டால் சொல்லிப் பார்ப்பாள். சத்தமில்லாத பெயருக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பதினான்காம் வருடம் இரண்டாவது குழு வந்தது. மண்டபத்து நாற்காலிகள் அத்தனையும் காலி. பக்கத்து ஊரில் இருந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு அவள் ஒருத்திதான் போனாள்.

“அக்கா புதுசா ஒண்ணும் சொல்ல வரலைங்க. குரலைத் திருப்பிக் கேக்க வந்திருக்கா,” என்றாள் தங்கை.

மொழிபெயர்ப்பாளர் விசாரித்துச் சொன்னார்: “பத்திரமா இருக்காம். ஆனா அது இப்ப சபையோட ஆவணம். எழுபத்தஞ்சு வருஷத்துக்கு வெளிய குடுக்க மாட்டாங்களாம்.”

“அதை யாராவது போட்டுக் கேட்டாங்களான்னு கேளுங்க.”

குழுத் தலைவர் கோப்பைப் புரட்டினார். இன்னும் இல்லை என்றார்.

மாலை வண்டியின் நேரத்தைப் பலகையில் எழுத வேண்டியிருந்ததால் அவள் எழுந்துகொண்டாள்.

அடுத்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள்: குரல், உள்நாட்டிலா வெளிநாட்டிலா? கணக்கெடுக்க வந்த ஆசிரியர் அவளைப் பார்த்ததுமே வெளிநாடு என்று குறித்துக்கொண்டார்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

இரண்டு விரல் காட்டினாள். ஆசிரியர் அந்த ஒற்றை அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். இரண்டு என்றே எழுதிக்கொண்டு, கூரை ஓடா சிமெண்டா என்று கேட்டார்.