வென்டல் ப்ரூக்கரின் வெறும் டிக்கெட்டுகள்

கேல்டன் ஊரில், கடைசி ஆள் அவுட் ஆவதற்கு முன்பே பேஸ்பால் மைதானத்தை விட்டுக் கிளம்பியவனின் டிக்கெட் துண்டில் மறுநாள் காலை ஓர் எழுத்தும் இருக்காது. தேதி, வரிசை, இருக்கை எண், மேலே பெரிதாக அச்சடித்த கிளேசியர்ஸ் என்ற எங்கள் அணியின் பெயர், எல்லாம் போய் வெறும் ஆரஞ்சு அட்டைதான் மிஞ்சும். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களின் துண்டு, வாயிற்காரர் கிழித்துக் கொடுத்தபடியே இருக்கும். ஒஹையோ ஆற்றங்கரையில் வேறு எந்த ஊரிலும் இப்படி நடப்பதில்லை என்பது, வெளியூர் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ஊர்க்காரர்கள் இதை மழை, வெயில் போல எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதனால் ஊரில் ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. சனிக்கிழமை ஆட்டம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை, துண்டைக் காட்டு என்பார்கள். ஞாயிறு காலை தேவாலயத்துக்கு வரும் ஆண்கள் தொப்பிப் பட்டியில் துண்டைச் செருகிக்கொண்டு, எழுத்து வெளியே தெரியும்படி வருவார்கள். செருகாமல் வருகிறவனைப் பார்த்து பெண்கள் இருமிக்கொள்வார்கள். சீசனின் முதல் ஆட்டத்துத் துண்டு வெறுமையாகிவிட்டதால் மேயர் தேர்தலில் தோற்றவர் ஒருவர் உண்டு. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் எட்டாவதில் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டு ஓடிய டாக்டரின் துண்டில் இருக்கை எண் மட்டும் தங்கியது, அது நியாயம்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

இந்த ஊரிலேயே சந்தேகத்துக்குப் பேர்போனவள் ஆர்லீன் ப்ரூக்கர். உயர்நிலைப் பள்ளியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தாலே தப்பு இருக்கும் இடத்துக்குக் கண் தானாகப் போய்விடும். கணவன் வென்டல், கண்ணாடித் தொழிற்சாலையில் விளக்குச் சிமினிகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவன். அதிகம் பேசாதவன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருவரும் சேர்ந்துதான் ஆட்டத்துக்குப் போவார்கள், மூன்றாம் தளத்தைக் காக்கும் ஆட்டக்காரனுக்குப் பின்னால் அதே வரிசையில்தான் உட்காருவார்கள். ஆட்டம் முழுக்க ஆர்லீன் மடியில் ஸ்கோர் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவாள். பத்திரிகைக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் அவள் பக்கம் திரும்பித்தான் கேட்பான். வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டுகளையும் ஆல்பத்தில் அருகருகே ஒட்டுவாள். மாடி அறையில் அப்படி ஆல்பம் ஆல்பமாக அடுக்கியிருந்தது. ஒரு துண்டிலும் ஓர் எழுத்து உதிர்ந்ததில்லை. அது அவளுக்குக் கல்யாணச் சான்றிதழைவிடப் பெரிய சான்றிதழ்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் மே மாதத்தில், ஞாயிறு காலை ஆர்லீன் ஆல்பத்தைத் திறந்தபோது, முதல்நாள் ஒட்டியதில் அவள் துண்டு நன்றாக இருந்தது, வென்டலின் துண்டு வெறுமையாக இருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் அவள் முகம் கழுவப் போயிருந்தாள். அந்த நேரத்தில் எங்கே போனாய் என்று கேட்டாள். எங்கேயும் போகவில்லை என்றான் வென்டல், முட்டையை வெட்டிக்கொண்டே. அடுத்த சனிக்கிழமை அவள் தண்ணீரே குடிக்காமல் கிளம்பினாள். ஆட்டம் முழுக்க இடது கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்கோர் எழுதினாள். பின்வரிசையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த லொரேன், இந்த வயதிலும் என்னமாய் ஒட்டிக்கொள்கிறார்கள் பார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மறுநாள் காலை வென்டலின் துண்டு மறுபடியும் வெறும் அட்டை.

ஆர்லீன் முதலில் அச்சகத்தைச் சந்தேகப்பட்டாள், பிறகு பசையை, பிறகு மாடி அறையின் ஈரத்தை. வென்டல் துண்டை மாற்றுகிறானோ என்று, வாயிலிலேயே அதன் பின்பக்கம் தன் கையெழுத்தைப் போட்டு வாங்கினாள். காலையில் கையெழுத்து அப்படியே இருந்தது, முன்பக்கம் மொட்டை. வாயிற்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்பயர் தப்புச் செய்வதை நிறைய பார்த்திருக்கிறேன், துண்டு தப்புச் செய்து பார்த்ததில்லை என்று திருப்பிக் கொடுத்தார். ஆர்லீன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தன் தோளில் தோள் உரச உட்கார்ந்திருந்த மனிதன் அங்கே இல்லை என்று ஓர் அட்டை சொல்கிறது, அதை மறுக்க அவளிடம் ஒன்றுமில்லை. இன்னொருவர் வீட்டில் இப்படி நடந்திருந்தால் அவளே அட்டையைத்தான் நம்பியிருப்பாள்.

ஜூன் கடைசியில் ஒருநாள், மளிகைக் கடையில் லொரேன் அவளை ஓரமாக இழுத்தாள்.

"சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா முழுங்கிட்டு இருக்கேன்."

"முழுங்குற ஆளா நீ? சொல்லு."

"ஹெட்டி ஸ்லோகம் வீட்டுக்கு எதிர்லதானே என் தங்கச்சி இருக்கா. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஹெட்டி வீட்டு சமையல்கட்டு ஆணியில வென்டல் தொப்பி தொங்குதாம்."

"நாலு மணிக்கு அவன் என் பக்கத்துல உட்கார்ந்திருந்தான். நீதான் பின்னாடி கடலைத் தோலை எங்க முதுகுல துப்பிட்டு இருந்தியே."

"அதையேதான் நானும் சொன்னேன். அவ என்னடான்னா, அக்கா, எனக்கு அந்தத் தொப்பி தெரியாதா, தொப்பிக்குக் கீழ இருக்குற ஆளும் தெரியும்ங்கறா."

ஹெட்டி ஸ்லோகம் ஒரு விதவை. ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆர்லீனைவிட மூத்தவள், முழங்கால் வலியால் வீட்டை விட்டு அதிகம் வருவதில்லை. மைதானத்தில் அவளை யாரும் பார்த்ததே இல்லை. மறுநாள் ஆர்லீன் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹெட்டி அவளைப் பார்த்துத் துளிகூடத் திடுக்கிடாதது ஆர்லீனின் சந்தேகத்தை இன்னும் ஏற்றியது. சமையல்கட்டில் ஒரு ரேடியோ இருந்தது, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அதில் ஒன்றில் வென்டல் வீட்டில் போடுகிற அதே மாதிரி, முதுகுப் பக்கம் குழி விழுந்த ஒரு தலையணை.

"உட்காரும்மா. நீ வருவேன்னுதான் நினைச்சேன், இவ்வளவு லேட்டா வருவேன்னு நினைக்கல."

"என் புருஷன் இங்க வர்றானா?"

"சனிக்கிழமை வருவான். ஆறாவது இன்னிங்ஸ் ஆரம்பிக்கும்போது வந்து தொப்பியை மாட்டுவான், ஆட்டம் முடிஞ்சதும் போயிடுவான். நீதான் அனுப்பறேன்னு நினைச்சேன், துணைக்கு."

"அவன் அந்த நேரத்துல என் பக்கத்துல இருக்கான்."

"அதுவும் இருக்கும்" என்றாள் ஹெட்டி, பீச் கேக்கை வெட்டிக்கொண்டே.

"வந்து என்ன பண்றான்?"

"கேக் சாப்பிடுவான். பேசுவான். அப்பப்பா, வாயை மூடவே மாட்டான்."

"யாரு? வென்டலா?"

"எனக்கு இந்த விளையாட்டு ஒண்ணும் புரியாதும்மா. ரேடியோக்காரன் ஏதோ சொல்றான், அது ஏன், இது ஏன்னு நான் கேட்பேன். வென்டல் சொல்லுவான். போன வாரம்கூட அந்த இன்ஃபீல்ட் ஃப்ளை சமாச்சாரத்தை அழகா சொன்னான்."

இன்ஃபீல்ட் ஃப்ளை என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். முதல் இரண்டு தளத்திலும் ஓட்டக்காரர்கள் நிற்கும்போது, பந்து சும்மா மேலே எழும்பி தளங்களுக்கு உள்ளேயே விழப்போகிறது என்றால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடித்தவன் அவுட். பிடிக்க வேண்டியவன் வேண்டுமென்றே பந்தைத் தரையில் விட்டு, ஓடத் தயங்கி நிற்கும் இரண்டு பேரை ஒரே மூச்சில் மடக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வென்டல் ஹெட்டிக்குச் சொன்னது இது எதுவும் இல்லை. அவன் சொன்ன காரணத்தை ஹெட்டி வரிக்கு வரி ஒப்பித்தாள். அது தலைகீழ்த் தப்பு. திருத்துவதற்காக ஆர்லீனின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

கல்யாணமான புதிதில் நண்பர்கள் வீட்டு விருந்தில் வென்டல் ஒரு கேட்ச்சைப் பற்றி எழுந்து நின்று, கையை விரித்து, சென்டர் ஃபீல்டர் பறந்ததைப் பறந்தே காட்டினான். ஆர்லீன் பையிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, அது லெஃப்ட் ஃபீல்டர் என்று எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், வென்டலும் சிரித்தான். அதற்குப் பிறகும் அவன் சில காலம் ஏதாவது சொல்லிப் பார்த்தான், அவளும் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புரட்டினாள். எப்போது நிறுத்தினான் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. அவன் பேசாத ஆள் என்றே அவள் ஊர் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறாள். ஹெட்டி வீட்டுப் படியில் இறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. வேறொருத்தியைத் தொட்டிருந்தால்கூட அவனை நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் வேறொருத்தியிடம் பேசியிருக்கிறான்.

வீட்டில் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கேட்டிருந்தாலும் வென்டலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மைதானத்தில் ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் கொஞ்சம் கண் சொருகும், பீச் வாசனை வரும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை வந்தது. வழக்கமான இருக்கைகள், பின்னால் லொரேன், அவள் தங்கை சொன்னதைக் கேட்டுவிட்டு வென்டலின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு வரிசைப் பெண்கள். ஆறாவது இன்னிங்ஸில் எதிரணியின் இரண்டு பேர் முதல் இரண்டு தளங்களில் நின்றார்கள், ஏற்கெனவே ஒருவன் அவுட். அடுத்தவன் அடித்த பந்து நேராக மேலே போனது. அம்பயர் கையைத் தூக்கினார். வெயிலில் கண் கூசி, பிடிக்க வந்தவன் பந்தைத் தவறவிட்டான். அடித்தவன் அவுட். மைதானத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பக்கத்தில் வென்டலின் கண் சொருக ஆரம்பித்திருந்தது. ஆர்லீன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வென்டல், பந்தை யாரும் பிடிக்கலையே. அவன் ஏன் அவுட்?"

லொரேன் கடலை மெல்வதை நிறுத்தினாள். வென்டல் மெல்லத் திரும்பினான்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"என்னைச் சோதிக்கிறியா?"

"இல்ல. சொல்லேன்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த சந்தேகம் மொத்தமும் இருந்தது. மடியில் மூடிக் கிடந்த ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தான், திரும்பி லொரேனைப் பார்த்தான், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தான். ஆறாவது இன்னிங்ஸ் முடியும்வரை பேசவில்லை. அவள் காத்திருந்தாள், அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஏழாவதின் நடுவில் வழக்கப்படி எல்லோரும் கைகாலை நீட்ட எழுந்து நின்றபோது, அந்தச் சத்தத்துக்குள், தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சுலபமான பந்தை விடுறதுதான் மனுஷனுக்கு ரொம்ப அவமானம், ஆர்லீன். கஷ்டமான பந்தை விட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவன் பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் மேல உட்கார்ந்து பார்த்துட்டு இருப்பாங்கல்ல. அதனால அம்பயர் முன்னாடியே கையைத் தூக்கிடுவார். நீ பிடிச்சாலும் சரி, விட்டாலும் சரி, உன் பேர்ல தப்பு எழுத மாட்டேன், பயப்படாம நில்லுன்னு. அதுக்காகப் போட்ட சட்டம்."

ஆர்லீன் திருத்த வந்த நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்படியா" என்றாள். அப்புறம், "எனக்கு இது தோணவே இல்ல" என்றாள், அது உண்மை. வென்டல் இன்னும் நம்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு பிட்சரின் தோள்பட்டையைப் பற்றி ஏதோ சொன்னான். அதுவும் தப்பு. கடைசி ஆள் அவுட் ஆகும்வரை, ஆட்டக்காரர்களின் பெயரை எல்லாம் மாற்றிப் போட்டு, அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஆர்லீனின் புத்தகத்தில் அந்த நாளின் கடைசி மூன்று இன்னிங்ஸ்களில் ஒரு கோடும் இல்லை.

ஞாயிறு காலை போன் அடித்தது. ஹெட்டி.

"நேத்து அவன் வரலையேம்மா. கேக் அப்படியே கிடக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான். பேசிட்டு இருந்தான்."

அந்தப் பக்கம் ஹெட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"இன்ஃபீல்ட் ஃப்ளையா?"

"ஆமா."

"திருத்தலையே?"

ஆர்லீன் போனை இறுகப் பிடித்தாள். "அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச் டீமுக்கெல்லாம் அம்பயர், கண்ணு. அந்தச் சட்டத்தை நான் தூக்கத்துல சொல்லுவேன்" என்றாள் ஹெட்டி. "சரி, நல்லா இருங்க. எனக்கு ரேடியோ இருக்கு."

போனை வைத்த பிறகும் ஆர்லீன் அங்கேயே நின்றாள். அவளுக்கு ஹெட்டி மேல் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது, ஆளில்லாத அந்த நாற்காலியை நினைத்துப் பாவமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் ஹெட்டி இன்னும் எதையெல்லாம் தெரிந்திருந்தும் தெரியாது என்றிருக்கிறாளோ என்ற சந்தேகமும் இருந்தது. மாடிக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தாள். வென்டலின் துண்டில் எழுத்து வந்திருந்தது. ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு அது ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது, இருக்கை எண் அந்த வரிசையிலேயே இல்லாத எண். ஆர்லீன் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்துவிட்டாள். கீழே வென்டல், முட்டை வேகும் சத்தத்துக்கு மேலாக, நேற்றைய ஒன்பதாவது இன்னிங்ஸை எட்டாவது என்று யாரிடமோ பேசுவதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பென்சிலை வைத்துவிட்டு, துண்டின் மூலைகளை நன்றாக அழுத்தி ஒட்டி, அப்புறம் என்ன ஆச்சு என்று மாடியிலிருந்தே கேட்டாள்.