கல் குடித்த தைலம்

இடது முட்டிக்குள் யாரோ மணலைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. குந்தி எழுந்திருக்கவே கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பிடிக்க வேண்டியிருந்தது. தரைக்குக் கல் பதிக்கிறவனுக்கு முட்டிதான் மூலதனம். அது போச்சென்று தெரிந்தால் மேஸ்திரி கலவை குழைக்க அனுப்பிவிடுவார், பாதிக் கூலிக்கு. அதனால் வேலையிடத்தில் அவன் மூச்சுவிடவில்லை. அங்கே அவனுக்கு, தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்று பட்டப்பெயர். அவன் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தைவிட்டு உருளாது.

மனைவி ஆயுர்வேதக் கடையிலிருந்து தைலம் வாங்கி வந்தாள். சாயங்காலம் தடவி, அரை மணி ஊறவிட்டு, வெந்நீரில் கழுவணும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் தைலக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, முட்டியைச் சுற்றி வட்டமாக நீவிவிட்டாள். ஒரு வாரத்தில் முட்டி கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

"தைலமா, உன் கையா, எது வேலை செய்யுது?" என்று கேட்டான்.

"ரெண்டும் வேணும்னா வாயை மூடிட்டு காலை நீட்டுங்க."

ஆனால் விடிந்தால் பழையபடி இறுக்கம். ராத்திரியே கழுவிவிட்டால் பகலுக்கு என்ன மிஞ்சும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. அவளுக்குத் தெரியாமல் காலையிலும் முட்டி இரண்டிலும் பூசி, இடதுக்கு இன்னும் ஒரு கை கூடுதலாக அப்பி, துணியைச் சுற்றி, மேலே பேண்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பகல் முழுக்கச் சுகமாக இருந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் மச்சினன் மட்டும் மூக்கை உறிஞ்சுவான். எதுவும் கேட்க மாட்டான்.

மச்சினன், மனைவியின் தம்பி, அவனுக்குக் கல் வெட்டிக் கொடுப்பவன். மூன்று பிள்ளைக்காரன். ரொம்ப நாளாகக் கெஞ்சி, மேல் மாடியில் ஒரு அறையைத் தானே பதிக்க மேஸ்திரியிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தான். அதை நல்லபடியாக முடித்தால் அவனும் பதிக்கிறவன் ஆகிவிடுவான்.

கீழே பெரிய கூடத்தில் வெள்ளைக் கல். இன்னும் பாலிஷ் போடாத வெறும் கல். ஒரு நாள் காலை அதில் வட்ட வட்டமாகக் கறை தெரிந்தது.

"அடியில குழாய் கசியுது" என்றான் மச்சினன்.

மேஸ்திரி காசால் தட்டிப் பார்த்தார். சத்தம் கெட்டியாக வந்தது, அடியில் பொள்ளல் இல்லை. மின்விசிறியை வைத்து மதியம் வரை காயவிட்டார். கறை இம்மியும் குறையவில்லை. ரசமட்டத்துக்கும் அது புதிராகவே இருந்தது. கலவையில் உப்பா? கல்லிலேயே கோளாறா? கூடத்தைச் சுற்றி நடந்து பார்த்தான். எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பெரிசு, ஒன்று சிறுசு. ஜன்னலில் ஆரம்பித்து, கல்லும் கல்லும் சேரும் கோட்டோரமாகவே கதவு வரை வந்து நின்றன.

"நடந்து போற கறையை நான் பாத்ததே இல்ல" என்றார் மேஸ்திரி.

ரசமட்டம் நின்றுவிட்டான். அந்தக் கோடுகளையெல்லாம் வெள்ளை சிமெண்டால் அடைத்துக்கொண்டு மண்டியிட்டு ஊர்ந்தவன் அவன்தான். குனிந்து தன் பேண்டைப் பார்த்தான். இடது முட்டியில் துணி கருத்துப் பிசுபிசுவென்று இருந்தது. கரண்டி வைத்த சட்டியை அதன் முன்னால் பிடித்துக்கொண்டான்.

மேஸ்திரி அதற்குள் தரையில் கவிழ்ந்து மூக்கை வைத்து முகர்ந்தார். எழும்போது அவருடைய முட்டியும் சொடக்கென்றது.

"இந்த வாசனை எனக்குத் தெரியும். என் வீட்டிலயும் இந்த பாட்டில்தான் இருக்கு. யாருக்குய்யா முட்டி வலி?"

ரசமட்டம் வாயைத் திறந்தான்.

"எனக்குத்தான் மேஸ்திரி" என்றான் மச்சினன்.

"கல் வெட்டுறவனுக்கு முட்டியில என்ன வேலை?"

"கோடு அடைக்கிறப்ப மாமா கூட நானும்தானே ஊர்ந்தேன்."

"தடவினா கழுவணும்டா. குழம்பு மாதிரி ஊத்திட்டு வருவியா?" மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு மேல் ரூமை எப்படிப் பதிப்ப? அதை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். நீ கல் வெட்டுற மிஷின்லயே இரு."

அப்போதும் சொல்லியிருக்கலாம். பாதிக் கூலி என்ற நினைப்பு வந்தது. ரசமட்டம் வாயை மூடிக்கொண்டான்.

மச்சினன் தண்ணீர் எடுக்கப் போனான், வலது காலை நொண்டிக்கொண்டு.

"இடதுடா" என்று ரசமட்டம் பல்லைக் கடித்தான். மச்சினன் காலை மாற்றிக்கொண்டான்.

எண்ணெயை உறிஞ்சி எடுக்க, சுண்ணாம்புத் தூளில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இருவரும் கறைமேல் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன மாப்ளே?"

"நீங்க கலவைக்குப் போனா நான் யார் பக்கத்துல உக்காந்து கத்துக்கறது? அதுவும் இல்லாம, அக்கா என்னைத்தான் திட்டும்."

மறுநாள் தாளைத் தூக்கினால், வெள்ளைத் தூள் மஞ்சளாகிக் கிடந்தது. ரசமட்டம் ஒரு துண்டை உடைத்து முகர்ந்தான். அதே வாசனை. இத்தனையையும் கல் குடித்திருந்தது. கால் குடித்தது எவ்வளவோ. கறை பெரும்பாலும் போய்விட்டது. பெரிய வட்டங்களில் மட்டும் லேசான நிழல் நின்றது. பாலிஷில் போய்விடும் என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் மனைவி கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போலிருக்கிறது.

"காலையிலயும் பூசினீங்களா?"

"ம்."

"கழுவாம?"

"ம்."

கட்டைவிரலை முட்டிச் சிப்பியின் ஓரத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ரூம் கிடைச்சிருச்சுன்னு தம்பி போன வாரமே பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டானாம். இப்ப அவகிட்ட என்ன சொல்லுவான்?"

அரை மணி ஊறவிட்டு, அவளே வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தாள். முட்டி சுலபமாக மடங்கியது.

மச்சினனுக்கு மேல் மாடியில் ஒரு அறை அவன் கடன்பட்டிருந்தான். ஜன்னலிலிருந்து கதவு வரை, முழுத் தரை.